படம் போடும்போது காதில் என்ன ஓடும்? (கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல்)

கோணல்கோடு | தங்கச்சிமடம்

ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவுகிற ஆள் நான். இன்றைக்கு மனசு ஆறாமல் எழுதுகிறேன்.

கார்ட்டூன் போடுவது என் தொழிலில் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசி படகுக்குப் பெயர் எழுதுவது, கடை போர்டு, கல்யாண பேனர். ஒரு வாரப் பத்திரிகைக்கு வாரம் ஒரு படம் அனுப்புகிறேன், பெயர் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் பற்றி மூன்று கட்டத்தில் ஒன்று போட்டிருந்தேன். முதல் கட்டத்தில் கரையேற்றிய விசைப்படகு, அதன் நிழலில் ஒரு பெரியவர். பேன்ட் போட்ட ஒருவர் வந்து, "61 நாளும் என்னதான்யா செய்வீங்க?" என்று கேட்கிறார். இரண்டாவது கட்டத்தில் பேச்சே கிடையாது. பெரியவர் கடலைப் பார்க்கிறார், வந்தவர் பெரியவரைப் பார்க்கிறார், காக்கா ஒன்று இரண்டு பேரையும் பார்க்கிறது. படகின் நிழல் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் பெரியவர் சொல்கிறார்: "இந்தா, ஒரு நாளு முடிஞ்சிருச்சு சார்."

அச்சில் வந்ததைப் பார்த்தால் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. கேட்டதற்கு, "தம்பி, விளம்பரத்துக்கு இடம் பத்தலை, நடுவுல ஒண்ணுமே இல்லையே, அதான் எடுத்துட்டோம்" என்றார்கள். ஒண்ணுமே இல்லையாம்! அந்தக் கட்டத்துக்குத்தான் ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தேன், மற்ற இரண்டும் அரை மணி நேர வேலை.

அந்த நடுக்கட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் அய்யாவிடமிருந்துதான், அதாவது அப்பாவைப் பெற்றவர். முகுந்தராயர் சத்திரம் பக்கம் கரைவலை இழுத்தவர், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். மூணு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம். கால் மணலில் முட்டி வரை புதையும். ஒருத்தர் அடி எடுப்பார், மற்றவர்கள் "ஐலசா" போடுவார்கள். எல்லாரும் நினைப்பது மாதிரி அவர் பாடும்போது இழுக்க மாட்டார்கள், இவர்கள் பதில் சொல்லும்போதுதான் இழுப்பு. அவர் எடுக்கிற அடிக்கும் இவர்கள் பதிலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. கயிறு விறைத்து நிற்கும், மூச்சு நிற்கும், யாரும் அசைய மாட்டார்கள்.

கரையில் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், நின்றால் அய்யாவுக்குக் குஷி. அங்கேயே கட்டிவிடுவார்.

"வெள்ளை வேட்டி, ஏலேலோ" – ஐலசா
"கரையில நிக்கிது, ஏலேலோ" – ஐலசா
"காலு நனையாம..."

இங்கே நிறுத்துவார். நான் சின்னப் பையன், கயிற்று வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்கே சிரிப்பு முட்டும். ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அப்புறம், "மீனு பிடிக்கிது!" ஐலசா என்று மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டே இழுக்கும்போது கயிறு இரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்) வந்துவிடும். சம்மாட்டி கோபப்பட முடியாது, கோபப்பட்டால் இழுப்பு நின்றுபோகும், மீன் சேருகிற வலைமடி கடலிலேயே கிடக்கும்.

நான் கார்ட்டூன் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது. எந்தக் கல்லூரியிலும் இல்லை.

கேள்வி இதுதான். படம் போடுகிறவர்கள், போடாதவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். வேலை செய்யும்போது உங்கள் காதில் என்ன ஓடுகிறது? அது கையில் இறங்குகிறதா, இல்லை சும்மா துணைக்கா?


கறார்கந்தன் | மதுரை

சும்மா துணைக்கு. அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நான் ஒரு நாளிதழ் டெஸ்கில் 11 வருஷம் படம் போட்டவன். என் காதில் ஓடியது மின்விசிறிச் சத்தமும் "சார், பக்கம் மூடணும்" என்கிற குரலும்தான். சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தி வரும், ஏழரைக்குப் படம் வேண்டும், அப்போது எந்த ராகமும் வராது, ஏப்பம்தான் வரும். பேட்டி கொடுக்கும்போது மட்டும் எல்லாருக்கும் இசை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் நடுக்கட்டத்தை எடுத்தது அநியாயம், அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.


அச்சுமை பெரிசு | பரமக்குடி

தம்பி கோணல்கோடு, அந்தக் கட்டத்தை இங்கே போடுப்பா, பார்க்க வேண்டும்.

நான் அச்சகத்தில் 34 வருஷம் இருந்தவன், பிளாக் எடுத்த காலத்திலிருந்து ஆப்செட் வரை. கந்தன் சொல்வது டெஸ்க் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மொழியில் கார்ட்டூனும் சங்கீதமும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீடு. பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போடவைத்தவர், அதே ஆள்தான் பாட்டுக்கு ராகமும் தாளமும் குறித்துவைத்தவர். அப்புறம் 1930-களில் ஆனந்த விகடனில் மாலி. கச்சேரியில் உட்கார்ந்து வித்வான்களை வரைந்தார். பழைய பைண்டு வால்யூம் கையில் கிடைத்தால் பாருங்கள், மூக்கு, குடுமி, தூக்கிய ஒரு கை, அவ்வளவுதான் இருக்கும், ஆனால் ஆள் மேல் ஸ்தாயியில் நிற்கிறாரா கீழே இறங்குகிறாரா என்று தெரியும். வாயைப் பெரிதாகத் திறந்து வரைவது எல்லாருக்கும் வரும், பாடகரின் கழுத்து நரம்பில் எந்தப் பக்கம் கோட்டை நிறுத்துவது என்பதில்தான் கதை இருக்கிறது.

மாலியை அடுத்து வந்த கோபுலு தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாதஸ்வரக்காரரையும் நாட்டியக்காரியையும் வைத்துக் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடருக்கு அவர்தான் படம். தவில்காரர் குச்சியை ஓங்கியிருப்பார், இன்னும் அடித்திருக்க மாட்டார். அந்த ஓங்கல்தான் படம். அடித்த பிறகு வரைந்தால் சத்தம் அடங்கிப்போகும். பின்னாளில் வலது கை விழுந்த பிறகு இடது கையால் போட்டார், 2015-ல் காலமானார். இடது கைக்கு வந்ததும் அதே தாளம்தான் என்றால் அது விரலில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?


கறார்கந்தன் | மதுரை

பெரிசு, உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். மாலி வித்வான்களை வரைந்தார் என்பதற்காக சங்கீதத்தால் வரைந்தார் என்று ஆகிவிடுமா? நான் எம்.எல்.ஏ.க்களைத்தான் வரைந்தேன், எனக்கு ஊக்கம் சட்டசபையா?


அச்சுமை பெரிசு | பரமக்குடி

ஆமாம்ப்பா, சட்டசபைதான். வேறென்ன?


கீழக்கரைக் காக்கா | இப்போது ஷார்ஜா

ஹாஹா. கந்தன் அண்ணே, மாட்டிக்கிட்டீங்க.

நான் படம் போடுகிறவன் இல்லை, ஆனால் எங்கள் வாப்பா போர்டு எழுதுகிறவர். கீழக்கரையில் பாதிக் கடை போர்டு ஒரு காலத்தில் அவர் கைதான். ஏணியில் ஏறும்போது டிரான்சிஸ்டரையும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். இலங்கை வானொலி. எங்கள் பக்கம் சென்னை நிலையத்தைவிட அதுதான் பளிச்சென்று எடுக்கும், தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமார்தானே! காலையில் பொங்கும் பூம்புனல், சாயங்காலம் அப்துல் ஹமீது குரல். இப்போதும் அரிச்சல்முனையில் நின்றால் போனில் அந்தப் பக்கத்து டவர் வந்து "வெல்கம்" சொல்லும்.

வாப்பா ஒன்று சொல்வார். பாட்டில் சொல் இருந்தால் எழுத்தில் பிழை வரும். ஒரு தடவை 'சைக்கிள் மார்ட்' என்று எழுத வேண்டியது, பாட்டில் வந்த சொல்லைச் சேர்த்து 'சைக்கிள் மானே' என்று எழுதிவிட்டார், கடைக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு எழுத்து வேலைக்கு இலங்கையின் பைலாப் பாட்டுதான். சிங்களம் புரியாது, அதனால் கை தப்பாது. அந்த ஆறு அடித் தாள ஓட்டம் இருக்கிறதே, போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்று சொல்வார்கள், அதற்கு வளைவு எழுத்து தானாக வரும் என்பார். ஜ, ஐ, ஹ எல்லாம் பைலாவுக்கு. நேர்கோட்டு எழுத்துக்கு ஹனீபா. நாகூர் ஹனீபா என்றாலும் பிறந்தது நம்ம ராமநாதபுரம், 1925. அந்தக் கணீர் குரலுக்கு ப, ட, ம எல்லாம் செங்குத்தாக நிற்கும் என்பது வாப்பாவின் கட்சி. ஹனீபா பாட்டில் சொல் புரியுமே, பிழை வராதா என்று கேட்டால், "அது மனப்பாடம்டா, மனப்பாடத்துக்குக் காது திறக்காது" என்பார்.

இது உண்மையா பொய்யா தெரியாது. ஆனால் அவர் எழுதிய போர்டில் எது பைலா எது ஹனீபா என்று இன்னமும் என்னால் சொல்ல முடியும்.


கோணல்கோடு | தங்கச்சிமடம்

காக்கா, இது போதும் எனக்கு. "மனப்பாடத்துக்குக் காது திறக்காது" என்பதைச் சுவரில் எழுதி ஒட்டப்போகிறேன்.

எனக்கும் அப்படித்தான். புதுப் பாட்டு கேட்டுக்கொண்டே படம் போட்டால் படத்தில் இருக்கிற ஆள் பாட்டில் வருகிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறார். யோசிக்கிற நேரத்தில் எதுவும் கூடாது. பென்சில் முடிந்து மை போடும்போது, தெரிந்த பாட்டு, அதிலும் நடுவில் வாத்தியம் மட்டும் போகிற இடம். ராஜா பாட்டில் பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் ஒரு உலகமே போய்வரும் இல்லையா, அந்த இடத்துக்குள் ஒரு ஆளின் சட்டை மடிப்பு முழுக்கப் போட்டுவிடுவேன்.

பெரியவர் கேட்ட கட்டத்தைக் கீழே போட்டிருக்கிறேன். போனில் எடுத்தது, கொஞ்சம் கோணல். தாள் அலை அலையாக இருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள், வாடைக் காலத்தில் இங்கே எதுவும் காயாது. தாளை அரிசி டின்னுக்குள் சுருட்டி வைத்தாலும் ஈரம் ஏறிவிடும். நிப்பைத் துடைக்காமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு.


அரையிடம் | ராமநாதபுரம்

படம் பார்த்தேன் சார். நடுக்கட்டம் அருமை. அதற்கு எங்கள் பாஷையில் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் மிருதங்கம் படிக்கிறேன். இந்த ஊர்ப் பெயரே சங்கீதத்தில் பெரிய பெயர் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பூச்சி சீனிவாச அய்யங்கார் சேதுபதி சமஸ்தானத்தில் இருந்தவர், அவரிடம் படித்தவர்தான் பாடகர் அரியக்குடி. மிருதங்கத்தில் முருகபூபதி, அவர் அண்ணன் சங்கரசிவம், சங்கரசிவத்திடம் படித்தவர் மதுரை டி.என்.சேஷகோபாலன். இத்தனையும் இந்த வெயில் ஊரில். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மோரா என்று ஒன்று வாசிப்போம். ஒரே சொல்லை மூன்று தடவை. ததிகிணதொம், ததிகிணதொம், ததிகிணதொம். நடுவில் விடுகிற இடத்துக்குக் கார்வை என்று பெயர். அஞ்சு, ரெண்டு, அஞ்சு, ரெண்டு, அஞ்சு, கூட்டினால் 19. அந்த ரெண்டில் கை எதுவும் செய்யாது. ஆனால் எண்ணிக்கையில் அது உண்டு. அவசரப்பட்டு ரெண்டை ஒன்றாக்கினால் 17-லேயே முடிந்துவிடும், தாளம் தொடங்குகிற இடமான சமத்துக்கு முன்னாலேயே போய் விழுவோம், பாடுகிறவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், செத்தோம். எங்கள் வாத்தியார் சொல்வார், "நீ அடிக்கிறதை அடுத்த வீட்டுக்காரனும் கேட்கிறான்டா, நீ அடிக்காததை நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று. அப்புறம் தொடையில் ஒரு தட்டு.

உங்கள் பத்திரிகைக்காரர்கள் கார்வையை வெட்டிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்ன இடம் கணக்கில் இருக்கிற இடம். அதனால்தான் சிரிப்பு சமத்தில் வந்து விழாமல் எங்கேயோ போய் விழுந்தது.


கறார்கந்தன் | மதுரை

இது கொஞ்சம் யோசிக்கவைக்கிறது. ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை, யோசிக்கவைக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். கார்வை சங்கீதத்தில் காலம். கேட்கிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது. காகிதத்தில் வாசகன் மூன்று கட்டத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறானே? கடைசிக் கட்டம் முதலிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது. அப்புறம் எங்கே நிறுத்துவது?


பிரேம்24 | சென்னை (சொந்த ஊர் தொண்டி)

கந்தன் சாரின் கேள்வி சரியான கேள்வி. நான் அனிமேஷனில் இருப்பதால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, காலம் எங்கள் கையில். ஒரு நொடிக்கு 24 பிரேம். பழைய அமெரிக்கக் கார்ட்டூன் படங்களில் இசையையும் அசைவையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். 12 பிரேமுக்கு ஒரு அடி என்றால் நிமிஷத்துக்கு 120 அடி. பூனை ஓடினால் 8 பிரேம், பதுங்கினால் 16. பூனை மலையிலிருந்து விழுவதற்கு முன் காற்றில் நிற்கும் இல்லையா, கீழே பார்க்கும், நம்மைப் பார்க்கும், அப்புறம்தான் விழும். அந்த நிற்றலுக்கும் பிரேம் எண்ணி வைத்திருப்பார்கள். இரண்டு பிரேம் குறைந்தால் சிரிப்பு வராது, நாலு கூடினால் பரிதாபம் வந்துவிடும்.

காகிதத்தில் எப்படி என்றால், அகலம்தான் காலம் என்பது என் கட்சி. கட்டம் அகலமாக இருந்தால் கண் மெதுவாகப் போகும். கோணல்கோடு அண்ணன் நடுக்கட்டத்தை மற்ற இரண்டையும்விட ஒன்றரை மடங்கு அகலமாகப் போட்டிருக்கிறார், தெரிந்து செய்தாரா என்று தெரியவில்லை.

வெளிநாட்டில் இசைப் பைத்தியமான கார்ட்டூனிஸ்டுகள் நிறைய. ராபர்ட் கிரம்ப் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர், பேண்டு வைத்து வாசித்தவர், பழைய புளூஸ் பாடகர்களை வரைந்து அட்டைகளாகவே வெளியிட்டார். அவர் போடுகிற கீறல் கோடுகளைப் பார்த்தால் தேய்ந்த தட்டின் கரகரப்பு மாதிரியே எனக்குத் தோன்றும். சார்லஸ் ஷூல்ஸ் ஒரு பொடியனைப் பொம்மைப் பியானோ முன்னால் உட்காரவைத்துப் பீத்தோவன் வாசிக்கவைத்தார், கட்டத்தின் மேலே உண்மையான ஸ்வரக் குறிப்பையே பார்த்து எழுதிவைப்பார். அவருக்குச் சொந்தமாகப் பிடித்தது பிராம்ஸ். பீத்தோவன் என்கிற பெயர் வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காக அதை வைத்துக்கொண்டார். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். பிடித்த இசை வேறு, வேலைக்கு ஆகிற இசை வேறு.


கோணல்கோடு | தங்கச்சிமடம்

அகலமாகப் போட்டது தெரிந்து செய்யவில்லை தம்பி. கடல் கொள்ளவில்லை, அதனால் கட்டத்தை இழுத்தேன்.

கரகரப்பு என்றதும் ஒன்று. எங்கள் வீட்டு ரேடியோவிலும் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வருவது) அடிக்கிற மாதங்களில் இரைச்சல் கூடிவிடும் என்று அய்யா சொல்வார், காற்றுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தமோ, அவர் கணக்கு அது. நான் கடல் வரையும்போது நிப்பை லேசாகப் படுக்கவைத்து உலர்ந்த மாதிரி இழுப்பேன், கோடு விட்டுவிட்டு வரும். அது அந்த இரைச்சல்தான். பாட்டைவிட அந்த இரைச்சல்தான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.


பாசிக்காரி | சின்னப்பாலம்

வணக்கம் அண்ணன்மாரே. ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் பாட்டு பாட்டு என்கிறீர்கள், பாட்டு இல்லாத ஒரு வேலையைப் பற்றி நான் சொல்லலாமா?

எங்கள் அம்மா, பெரியம்மா, அப்பத்தா எல்லாரும் பாசி எடுக்கிறவர்கள். வள்ளத்தில் தீவுக்குப் போய், முங்கிப் பாசி பறிக்க வேண்டும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. விரலில் துணி சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். கண்ணில் கண்ணாடி, காலில் தட்டு கட்டிக்கொள்வார்கள், மீன் செட்டை மாதிரி. மாதத்தில் 12 நாள் மட்டும்தான் போவது, அது பெண்களே பேசிவைத்துக்கொண்ட கட்டு. இந்த வேலையில் பாட முடியாது. பாடினால் மூச்சுப் போய்விடும். கரைவலைக்காரர்களுக்குப் பாட்டுதான் கயிறு, எங்களுக்கு மூச்சுதான் கயிறு.

நானும் ரெண்டு வருஷம் போனேன், இப்போது போவதில்லை, தையல் மிஷின் இருக்கிறது. போனில் விரலால் படம் போடுவேன், கார்ட்டூன் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை, எங்கள் தெருக்காரர்களைப் போட்டு வாட்ஸ்அப்பில் விடுவேன், சண்டை வரும்.

நான் படம் போடும்போது எதுவும் கேட்பதில்லை. கேட்டால் வராது. முங்கும்போது காதில் ஒரு சத்தம் இருக்கும், டிக் டிக் என்று, பாறையில் எண்ணெய் பொரிகிற மாதிரி, கூனி இறால் போடுகிற சத்தம் என்று பெரியம்மா சொல்வாள். அதற்கு மேலே நம் நெஞ்சு அடிக்கிறது கேட்கும். மூச்சு தீரத்தீர நெஞ்சு வேகமாகும். அது போதும் என்று சொல்கிற நேரத்தில் மேலே வர வேண்டும், இன்னொரு பிடி பறிக்கலாம் என்று நினைத்தால் அன்றைக்குத் தலைவலிதான். படத்திலும் அப்படித்தான் எனக்கு. இன்னும் ஒரு கோடு போடலாம் என்று கை போகும். அப்போது எடுத்துவிட வேண்டும். எங்கள் பெரியம்மாவைப் பன்னிரண்டு கோட்டில் போட்டிருக்கிறேன். பதின்மூன்றாவது கோடு போட்டபோது அது வேறு யாரோ ஆகிவிட்டது, அழித்துவிட்டேன்.

வெளியே வந்து வள்ளத்தில் திரும்பும்போது பாடுவார்கள், அது வேறு. அப்போது யார் மாமியார் எப்படி என்று கிழிகிழி என்று கிழிப்பார்கள். கோணல்கோடு அண்ணன் அய்யா சம்மாட்டியைப் பாடினார் இல்லையா, அதே கதைதான்.


அச்சுமை பெரிசு | பரமக்குடி

தாயி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு கோட்டுப் பெரியம்மாவைப் போடு.


கறார்கந்தன் | மதுரை

நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். இசைக்கு இல்லை, பாசிக்காரிக்கு. என் டெஸ்கில் மின்விசிறிச் சத்தம் என்று எழுதினேன் இல்லையா, நேற்று ராத்திரி யோசித்தால் அந்த விசிறிக்கு ஒரு இறக்கை ஆட்டம் இருந்தது, மூன்று சுற்றுக்கு ஒரு "டக்". அது ரிப்பேரான வாரம் நான் போட்ட படங்களைத் தேடிப் பார்க்கலாமா என்று தோன்றியது. தேடவில்லை. பயம்தான்.

ஆனால் ஒன்று. கோணல்கோடு, உங்கள் அய்யா காலத்து அம்பாவைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. மூணு மணி நேரம் மணலில் இழுத்தது வலி. பாட்டு அந்த வலிக்கு மருந்து. நாம் வெளியே நின்று 'ஆஹா தாளம்' என்றால் சம்மாட்டி மாதிரி ஆகிவிடுவோம், வெள்ளை வேட்டியோடு.


கோணல்கோடு | தங்கச்சிமடம்

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணே. அய்யாவின் உள்ளங்கையைத் தொட்டவனுக்குத் தெரியும், கயிறு போன தடம் கடைசி வரை போகவில்லை. எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வார், என் விரல் அந்தப் பள்ளத்தில் ஓடும். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாட்டு தாளம் மட்டும் இல்லை, கேலி. தினமும் கூலி கொடுக்கிறவனை அவன் முன்னாலேயே கேலி செய்ய ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்கு அந்த நிறுத்தம் வேண்டும். நிறுத்தாமல் சொன்னால் அது திட்டு. நிறுத்திச் சொன்னால் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், சம்மாட்டியும் வேறு வழியில்லாமல் சிரிக்கிறார். நான் அமைச்சரையோ அதிகாரியையோ போடும்போது இதைத்தான் பார்க்கிறேன். திட்டாகப் போய்விட்ட படங்கள் என்னிடம் நிறைய, எல்லாவற்றிலும் நடுக்கட்டம் இல்லை.

இப்போது கரைவலையும் குறைந்துவிட்டது, இருக்கிற இடத்திலும் பல பேர் போனில் பாட்டு போட்டுவிட்டு இழுக்கிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை. போன் பாட்டு யாரையும் பார்த்து நிற்பதில்லை, அவ்வளவுதான்.


கீழக்கரைக் காக்கா | இப்போது ஷார்ஜா

பாம்பன் ரயிலை விட்டுவிட்டீர்களே எல்லாரும். 1914-ல் திறந்த பாலம், ரயில் ஊர்ந்துதான் போகும், தடக்... தடக்... என்று. நடுவில் காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். சின்ன வயதில் எனக்கு அதுதான் தாலாட்டு. 2022 டிசம்பரில் அதில் ஓட்டம் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. அடுத்த லீவில் வந்து அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும். வாப்பாவையும் கூட்டிப்போய், எந்த எழுத்துக்கு ஆகும் என்று கேட்கப்போகிறேன்.


அரையிடம் | ராமநாதபுரம்

காக்கா, வரும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். கணக்கு எண்ணிப் பார்த்துவிடலாம்.


கோணல்கோடு | தங்கச்சிமடம்

ஒரு தகவல். தடைக்காலப் படத்தை மூன்று கட்டமாகவே திரும்ப வரைந்து நம்ம ஊர் டீக்கடைச் சுவரில் பெரிதாகப் போட்டுவிட்டேன், கடைக்காரர் பெயின்ட் செலவை ஏற்றுக்கொண்டார். நடுக்கட்டம் மட்டும் ஆறு அடி அகலம். நேற்று ஒருவர் அதன் முன்னால் டீயோடு நின்றுகொண்டு, "இதுல என்னப்பா, ஒண்ணும் பேசலையே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "பொறுய்யா, இன்னும் அந்தப் பக்கம் போகலை" என்றார்.

அடுத்த படம் பாசி எடுக்கிற பெண்களை வைத்து. பென்சில் மட்டும் போட்டிருக்கிறேன், கீழே இருக்கிறது. பாசிக்காரித் தங்கச்சி, மை போடுவதற்கு முன் ஒரு பார்வை பாரும்மா.


பாசிக்காரி | சின்னப்பாலம்

பார்த்தேன் அண்ணே. முகம் எல்லாம் சரி. காலில் தட்டு கட்டியிருப்பது தப்பு, கயிறு குதிகாலைச் சுற்றி வரணும், நீங்கள் விரலோடு விட்டுவிட்டீர்கள், முதல் உதையிலேயே கழன்று கடலோடு போய்விடும். அப்புறம் அவள் வாய் திறந்திருக்கிறது. தண்ணிக்குள் இருக்கிறாள், வாயை மூடுங்கள்.